தாளை அப்படியே விட்டால் பனிக்கட்டி

ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் நடுவில் கட்டைவிரல் உயரத்துக்கு ஓர் ஆளை வரையுங்கள். தலைக்கு ஒரு புள்ளி, உடம்புக்கு ஒரு கோடு, இரண்டு கால்கள் போதும். முகம் வேண்டாம். வரைந்தாயிற்றா? சரி, இந்த ஆள் எங்கே நிற்கிறார்? எங்கேயும் நிற்கவில்லை. காகிதத்தில் ஒட்டிக் கிடக்கிறார்.

இப்போது அவர் காலடியிலிருந்து பக்கவாட்டில் சாய்வாக ஒரு நிழல் போடுங்கள். உடனே காலுக்குக் கீழே தரை வந்துவிடும். அந்த நிழலை அழித்துவிட்டு, காலடியிலிருந்து நேர்கீழாக மூன்று நான்கு கோடுகள் இழுங்கள். பென்சிலை அழுத்த வேண்டாம். அவர் உயரத்தில் பாதி நீளம் இருந்தால் போதும். இப்போது தரை பளபளக்கிறது. பளபளப்பது தண்ணீராக இருந்தால் ஆள் இடுப்பளவாவது முங்கியிருக்க வேண்டும். இவரோ பாதம்கூட நனையாமல் நிற்கிறார். அப்படியானால் காலுக்குக் கீழே இருப்பது பனிக்கட்டிதான்.

அந்தப் பனிக்கட்டியை நீங்கள் வரையவே இல்லை. அது இன்னும் வெறும் தாள். அதன்மேல் நிற்கும் ஆளையும் அவருடைய மங்கலான பிம்பத்தையும் வைத்துக் கண் தானாகவே அதை உண்டாக்கிக்கொண்டது. நீர்வண்ணம் தீட்டுகிறவர்கள் தாளின் வெள்ளையை விட்டுவைப்பது என்று சொல்வார்கள். மேகம், பால், வெள்ளைச் சட்டை எல்லாவற்றுக்கும் இதைச் செய்வார்கள். ஆனால் இந்த உத்தி முழுப் படத்தையும் தாங்கி நிற்பதை உறைந்த துறைமுகத்தில் மக்கள் சறுக்கி விளையாடும் பழைய டச்சுச் சித்திரங்களில்தான் பார்க்க முடியும்.

இந்தப் படங்களைப் பார்க்கத் தொடங்கிய காலத்தில் நான் ஆட்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் விழுகிறார், இருவர் கைகோத்துப் போகிறார்கள், ஒரு நாய் ஓடுகிறது என்று ஒவ்வொருவராகத் தேடுவதே பெரிய சந்தோஷம். தேர்த் திருவிழாக் கூட்டத்தை மொட்டைமாடியிலிருந்து பார்ப்பது போல இருக்கும். ஒருநாள் ஒரு படத்தின் அச்சுப்பிரதியில் ஆட்கள் மேலெல்லாம் விரலை வைத்து மறைத்துப் பார்த்தேன். பனிக்கட்டி காணாமல் போய்விட்டது. மஞ்சளாகப் போன பழைய காகிதம்தான் மிச்சம். விரலை எடுத்ததும் திரும்ப வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் இந்தப் படங்கள் எனக்குப் புரியத் தொடங்கின.

இந்த வகைப் படத்துக்கு நெதர்லாந்தில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஹென்ட்ரிக் ஆவர்காம்ப். 1585-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். மறுவருடமே குடும்பம் காம்பன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அப்பா அங்கே மருந்து தயாரித்துத் தரும் வேலை பார்த்தார். அன்று ஐசல் ஆறு கடலில் சேர்ந்த இடத்துக்குப் பக்கத்தில், படகுகளும் மீனவர்களும் நிறைந்த பழைய வணிக நகரம் காம்பன். ஹென்ட்ரிக்குக்குப் பேச வராது. ஊரில் அவரைக் 'காம்பன் ஊமையர்' என்றே அழைத்தார்கள். இளவயதில் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் ஓவியம் கற்று, பிறகு காம்பனுக்கே திரும்பி, கடைசிவரை அங்கேயே வரைந்துகொண்டிருந்தார். தான் போனபின் இந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கவலைப்பட்டு, 1633-இல் அவருடைய அம்மா தன் உயிலில் அவருக்காகத் தனி ஏற்பாடு செய்து வைத்தார். மறுவருடமே மகனும் இறந்துபோனார்.

அவர் எண்ணெய் வண்ணத்திலும் தீட்டினார், தாளிலும் வரைந்தார். தாளில் வரைந்தவற்றில் பல, பெரிய ஓவியத்துக்கு ஒத்திகையாகப் போட்டவை அல்ல. பேனாவும் பழுப்பு மையும் கொண்டு கோடு போட்டு, மேலே நீர்வண்ணம் தடவி, பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கையெழுத்திட்டு, விற்பனைக்கென்றே முடித்த படங்கள். வாங்கியவர்கள் வீட்டில் மாட்டிக்கொள்ளவோ, தொகுப்பில் ஒட்டி வைத்துக்கொள்ளவோ செய்திருப்பார்கள். இங்கிலாந்து அரச குடும்பத்தின் விண்ட்சர் சேகரிப்பில் இவற்றில் நிறைய இருக்கின்றன.

அவர் வாழ்ந்த காலத்தைப் பிற்காலத்தில் 'குட்டிப் பனியுகம்' என்று அழைத்தார்கள். உலகம் முழுவதும் உறைந்துபோன பனியுகம் இல்லை இது. ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகள் குளிர்காலம் அடிக்கடி மிகக் கடுமையாக இருந்தது, அவ்வளவுதான். 1607-08 குளிர்காலத்தில் லண்டனில் தேம்ஸ் ஆறு உறைந்து அதன்மேல் கடைகள் போட்டார்கள். ஆவர்காம்பின் மிகப் புகழ்பெற்ற எண்ணெய் ஓவியமான 'சறுக்குகிறவர்களுடன் ஒரு குளிர்கால நிலக்காட்சி' இதே 1608-ஐ ஒட்டி வந்தது. இப்போது ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியத்தில் இருக்கிறது.

சரி, துறைமுகம் எப்படி உறைகிறது? கடல் அவ்வளவு எளிதில் உறையாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். நல்ல தண்ணீர் 0 டிகிரியில் உறையும். சாதாரணக் கடல்நீர் உறைய ஏறத்தாழ −1.8 டிகிரி வேண்டும். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. நல்ல தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். ஏரியின் மேல்பரப்பு குளிரக் குளிர, அந்தத் தண்ணீர் கனத்து அடியில் இறங்கும். மொத்த ஏரியும் 4 டிகிரிக்கு வந்தபின், இன்னும் குளிரும் தண்ணீர் லேசாகி மேலேயே தங்கிவிடும். குளிர் முழுவதும் அந்த மேலடுக்கில் சேர்ந்து, அது சீக்கிரம் உறையும். உப்பு அதிகமுள்ள கடல்நீருக்கு இந்த 4 டிகிரித் திருப்பம் கிடையாது. உறையும் வரைக்கும் கனத்துக்கொண்டே, கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் மேல்பரப்பு உறைய, கீழேயுள்ள தண்ணீரும் சேர்ந்து குளிர வேண்டும். ஆழ்கடல் அவ்வளவு சீக்கிரம் உறையாததற்கு இது ஒரு காரணம்.

துறைமுகத்தில் நிலைமை வேறு. ஆழம் குறைவு. அலை அடங்கியிருக்கும். ஆறு வந்து விழும் இடமாக இருந்தால் உப்பும் குறைவு. காம்பன் பக்கத்தில் மூன்றும் சேர்ந்திருந்தன. ஐசல் ஆற்றின் நல்ல தண்ணீர், சௌடர்சே என்ற ஆழமில்லாத உள்கடலில் கலந்தது. அந்தக் கடலே உவர்நீர்தான், முழு உப்பு இல்லை. (1932-இல் 32 கிலோமீட்டர் அணை கட்டி அதைக் கடலிலிருந்து பிரித்துவிட்டார்கள். இன்று அது ஐசல்மேர் என்ற நன்னீர் ஏரி.)

உறைந்ததும் பனிக்கட்டி மிதக்கிறது. தண்ணீரைவிட அது சுமார் எட்டு சதவீதம் லேசு. மேலே மிதந்து ஒரு கம்பளிபோல் மூடிக்கொள்வதால், அடியில் உள்ள தண்ணீரின் வெப்பம் எளிதில் வெளியேறாது. எனவே பனிக்கட்டி தடிக்கத் தடிக்க, மேலும் தடிப்பது மெதுவாகும். முதல் சில சென்டிமீட்டர் ஒரே இரவில் வந்துவிடலாம், அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து பகுதியில் பதினோரு ஊர்களைச் சுற்றி ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சறுக்கிப் போகும் போட்டி ஒன்று இருக்கிறது. எல்ஃப்ஸ்டேடன்தொக்ட் என்று பெயர். வழி நெடுகப் பனிக்கட்டி 15 சென்டிமீட்டர் தடிப்பு இருந்தால்தான் நடத்துவார்கள். 1909-இல் தொடங்கியது, இதுவரை 15 முறைதான் நடந்திருக்கிறது. கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4-இல். அதற்கப்புறம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்த ஊர்க்காரர்கள் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு படத்துக்குத் திரும்பினால், வெறும் தாளாக விட்ட இடமும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பது தெரியும். காற்றே இல்லாத இரவில் புதிதாக உறைந்த பனிக்கட்டி கண்ணாடிபோல இருக்கும். அதன் வழியாகக் கீழே உள்ள இருண்ட தண்ணீர் தெரியும். மேலே பனித்தூள் விழுந்ததும், உள்ளே காற்றுக்குமிழ் சிக்கியதும் வெள்ளையாக இருக்கும். ஓவியர் ஓரிடத்தில் நீர்த்த மையை ஒரு இழுப்பு இழுத்து, பக்கத்து இடத்தை வெறுமையாக விட்டால், முதலாவது வழுவழுப்பான கரும்பனிக்கட்டி, இரண்டாவது பனித்தூள் படிந்த இடம். ஒரே ஒரு சாம்பல் நிறத்தை வைத்துக்கொண்டு இரண்டு வகையையும் காட்டிவிடலாம்.

பிரதிபலிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். நிழல் சூரியன் இருக்கும் திசையைப் பொறுத்து இடமோ வலமோ சாயும். தட்டையான பரப்பில் விழும் பிரதிபலிப்பு எப்போதும் நம்மை நோக்கி நேர்கீழாக வரும். அசையாத குளத்தில் அது கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெளிவாக இருக்கும். பனிக்கட்டியிலோ கீறலும் தூளும் இருப்பதால் ஓரங்கள் கரைந்து, மேலிருந்து கீழாக நீண்ட கறையாகிவிடும். சிவப்புச் சட்டைக்காரர் காலுக்குக் கீழே சிவப்பாக ஒரு கசிவு தெரிந்தால் போதும். அந்தக் கசிவில் கை, கால், தொப்பி என்று பிரித்து வரைந்தீர்களானால் பனிக்கட்டி குளமாகிவிடும், ஆளும் கதையில் வரும் சித்தர் போலத் தண்ணீர்மேல் நடக்கத் தொடங்கிவிடுவார்.

அடுத்து, உடம்பின் சாய்வு. நிலத்தில் நடக்கிறவருடைய தலை ஏறத்தாழ அவர் பாதத்துக்கு நேர்மேலே இருக்கும். ஸ்கேட், அதாவது காலில் கட்டும் சறுக்குத் தகடு, கட்டியவர் அப்படி இருக்க மாட்டார். அவர் பின்னால் உதைத்து முன்னேறுவதில்லை. இரும்புத் தகட்டின் ஓரத்தைப் பனிக்கட்டியில் பதித்துப் பக்கவாட்டில் தள்ளி, மற்றக் காலில் எடையைப் போட்டு வழுக்கிப் போகிறார். அதனால் உடல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், ஒரு கால் தரையை விட்டு எழும்பியிருக்கும். அந்தச் சாய்வில் ஒருவர் அசையாமல் நின்றால் விழுந்துவிடுவார். படத்தில் அவர் விழவில்லை என்று பார்க்கும்போதே, வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று நம் கண் முடிவு செய்கிறது. வேகத்தைக் காட்ட வேறு கோடு எதுவும் தேவையில்லை. நீண்ட தூரம் போகிறவர்கள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, மேலுடம்பை முன்னே வளைத்துப் போவார்கள். இன்றும் நெதர்லாந்தில் கால்வாய் உறைந்தால் இந்த நிற்கையைப் பார்க்கலாம்.

அக்காலத்து ஸ்கேட் என்பது ஒரு மரக்கட்டை, அதன் அடியில் பொருத்திய இரும்புத் தகடு, காலணியோடு சேர்த்துக் கட்ட வார். தகட்டின் முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். அதற்கும் முன்னே விலங்கு எலும்பைத் தேய்த்துக் காலில் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கோலால் உந்திப் போனார்கள். ஸ்கேட்டிங்கைக் காட்டும் மிகப் பழைய அச்சுப்படமாகச் சொல்லப்படுவது 1498-இல் வந்த ஒரு மரச்செதுக்குப் படம். ஸ்கீடாம் ஊர் லிட்வினா என்ற பெண், 15 வயதில் உறைந்த நீரில் விழுந்து விலா எலும்பு முறிந்த நிகழ்ச்சியைக் காட்டுவது அது. அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க அவர் படுக்கையில்தான் கிடந்தார். விழுந்து அடிபட்ட ஒரு பெண்ணின் வழியாகத்தான் இந்த விளையாட்டு படத்துக்குள் நுழைந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கும்.

அந்தத் தகடு ஏன் வழுக்குகிறது என்பதற்குப் பள்ளிப் புத்தகங்களில் நெடுங்காலம் ஒரு பதில் இருந்தது: உடல் எடை மெல்லிய தகட்டின் வழியாக அழுத்துவதால் பனிக்கட்டி உருகுகிறது. கணக்குப் போட்டால் இது போதாது. அந்த அழுத்தம் உருகுநிலையை ஓரிரு டிகிரிக்கு மேல் குறைக்காது. −10 டிகிரியிலும் மக்கள் நன்றாகவே சறுக்குகிறார்கள். தகடு உரசுவதால் வரும் சூடும், உருகாத பனிக்கட்டியின் மேற்பரப்பிலேயே எப்போதும் இருக்கும் நெகிழ்வான மெல்லிய அடுக்கும் பெரும்பங்கு வகிக்கின்றன. அப்படி ஓர் அடுக்கு இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850-லேயே எடுத்துச் சொல்லியிருந்தார்.

சறுக்கிப் போன தகடு விட்டுப்போகும் கீறலும் ஓவியருக்குப் பெரிய உதவி. நமக்கு அருகில் கீறல்கள் அகலமாகவும் ஒன்றுக்கொன்று விலகியும் இருக்கும். தூரம் போகப் போக நெருங்கி மெலிந்து மறையும். நான்கைந்து வளைகோடுகளிலேயே தட்டையான தாள் பின்னோக்கிப் படுத்துவிடுகிறது.

துறைமுகப் படத்தில் இன்னொரு சாட்சி இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: சிக்கிக்கொண்ட படகு. தண்ணீரில் இருக்கும் படகு ஒருபோதும் சும்மா இருக்காது. கயிறு இறுகும், தளரும், பாய்மரம் ஆடும். உறைந்தபின் எல்லாம் நின்றுவிடும். கரையில் கட்டிய கயிறு தொய்ந்து பனிக்கட்டிமேலேயே கிடக்கும். படகு எந்தச் சாய்வில் இருந்தபோது நீர் உறைந்ததோ அந்தச் சாய்விலேயே நிற்கும். பக்கத்தில் பிள்ளைகள் நிற்பார்கள். நேற்றுவரை துடுப்பு போட்டால்தான் போக முடிந்த இடத்துக்கு இன்று நடந்தே வந்திருக்கிறார்கள். படகின் அடிப்பாகம் பனிக்கட்டியைத் தொடும் இடத்தில் ஒரே ஒரு அழுத்தமான கோடு இழுத்தால் போதும், அது பூட்டப்பட்டுவிட்டது என்று புரிந்துவிடும். அங்கே அலைபோல நெளியும் கோடு போட்டால் படகு மறுபடி மிதக்க ஆரம்பித்துவிடும். கடல் ஏற்றவற்றம் உள்ள துறைமுகமாக இருந்தால், கரைச்சுவரை ஒட்டிய பனிக்கட்டி நீர்மட்டம் ஏறி இறங்குவதில் உடைந்து துண்டு துண்டாகக் கிடக்கும். அங்கே பலகை போட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஆம்ஸ்டர்டாம் துறைமுகமே உறைந்து கிடந்ததை யான் ஆப்ரஹாம்ஸ் பேர்ஸ்ட்ராட்டன் என்ற ஓவியர் பதினேழாம் நூற்றாண்டில் தீட்டியிருக்கிறார். துறைமுக வாயிலில் இருந்த பால்ஹௌஸ் கட்டடம், பக்கத்தில் புதுப்பாலம், நடுவில் மக்கள். கப்பல் வந்து சேர வேண்டிய வாசலில் ஆட்கள் நடமாடுகிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் போனவர் பீட்டர் ப்ரூகல். 1558-ஐ ஒட்டி, ஆன்ட்வெர்ப் நகரின் செயின்ட் ஜார்ஜ் வாயிலுக்கு முன்னால் அகழி உறைந்து மக்கள் சறுக்குவதை வரைந்தார். அதைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றார்கள். கரையில் உட்கார்ந்து ஒருவர் ஸ்கேட் கட்டுகிறார், பாலத்தில் கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கிறது, சிலர் விழுகிறார்கள். இதில் வண்ணமே கிடையாது, மையும் காகிதமும்தான். பிற்காலப் பதிப்பு ஒன்றில் 'மனித வாழ்வின் வழுக்கல்' என்று ஒரு தலைப்பைச் சேர்த்துவிட்டார்கள். அது வேண்டியிருக்கவில்லை என்பது என் எண்ணம். விழுகிறவருடைய கைகள் காற்றைப் பிடிப்பதைப் பார்த்தாலே போதும்.

ஆவர்காம்பின் ஆரம்பகாலப் படங்களில் தொடுவானம் மிக உயரத்தில் இருக்கும். நாம் ஏதோ மாடியிலிருந்து பார்ப்பதுபோல, கீழே பனிக்கட்டி அகன்று விரிய, அதில் ஏராளமான ஆட்களை வைக்க முடிந்தது. பிறகு தொடுவானம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது; ஆட்கள் குறைந்து காற்று கூடியது. தூரத்தில் இருப்பவற்றை அவர் சிறிதாக்கியதோடு நிற்கவில்லை, வெளுக்கவும் செய்தார். இடையில் உள்ள காற்றில் மிதக்கும் ஈரமும் மூட்டமும் ஒளியைச் சிதறடிப்பதால், தொலைவில் உள்ள கறுப்புத் தொப்பியும் நமக்குச் சாம்பலாகத்தான் தெரியும். முன்னால் உள்ள ஆளுக்கு அடர்ந்த மை, நடுவில் உள்ளவருக்குத் தண்ணீர் கலந்த மை, தூரத்துக் கோபுரத்துக்குத் தூரிகையைத் தட்டிவிட்டு எஞ்சிய ஈரம். இந்த மூன்று அடுக்கு இருந்தால், இடையில் இருக்கும் வெற்றுத்தாள் பல நூறு அடி நீளமுள்ள பனிவெளியாகிவிடும்.

ஒரே ஆளை அவர் பல படங்களில் திரும்பத் திரும்ப வைத்ததும் உண்டு. மட்டையால் பந்தடிக்கும் கொல்ஃப் ஆட்டக்காரர், சறுக்குவண்டியில் போகும் குடும்பம் போன்றவர்களையெல்லாம் தனித்தனியாகப் பார்த்து வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு அறையில் உட்கார்ந்து ஒரே பனிவெளியில் சேர்த்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் பணக்காரர்களும் உண்டு, கிழிந்த உடுப்புக்காரர்களும் உண்டு. 1608 ஓவியத்தின் இடது கீழ்மூலையில் பழைய கதவு ஒன்றைக் குச்சியால் முட்டுக்கொடுத்துச் செய்த குருவிப்பொறி இருக்கிறது. இறந்த மிருகம் ஒன்றின் உடலை நாயும் காகமும் தின்கின்றன. குளிரில் எல்லோருக்கும் விடுமுறை இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

பனிக்கட்டியில் விட்டுப்போன ஓட்டைக்கு டச்சுக்காரர்கள் 'வாக்' என்பார்கள். தண்ணீர் ஓடும் இடம், பாலத்துக்கு அடி, வாத்துகள் கூடும் மூலை, இங்கெல்லாம் உறையாமல் இருக்கும். மீன் பிடிக்க வெட்டியதும் இருக்கும். விழுந்தால் உயிர் போகும் இடம்.

இப்போது உங்கள் தாளை மறுபடி எடுங்கள். அந்த ஆளைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து, ஒரு காலைத் தூக்கிவிடுங்கள். அவருக்குப் பின்னால், தாளின் மேல்பாதியில், பென்சிலைத் தொட்டும் தொடாமலும் ஒரு கரை, இரண்டு பாய்மரம், ஒரு கோபுரம். வலப்பக்கம் பெரிதாக ஒரு படகு. அதன் அடியில் அழுத்தமான கோடு, தொய்ந்த கயிறு. முன்பக்கம் இரண்டு வளைந்த கீறல். அப்புறம் படகுக்குக் கொஞ்சம் தள்ளி, பென்சிலை நன்றாக அழுத்தி, மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு வாக் போடுங்கள். அதைப் போட்டதும் சுற்றியுள்ள வெள்ளைக் காகிதத்தின் தடிப்பு எவ்வளவு இருக்கும், அந்த ஆள் சரியான பக்கமாகத்தான் சாய்ந்து போகிறாரா என்று கவலை வரும். எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது.